48 வோல்ட் மின் ஸ்கூட்டருக்கு 60 வோல்ட் லித்தியம் பேட்டரி மாட்டலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தவளக்குப்பத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறீர்கள். போக 15, வர 15 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்கிறீர்கள். வண்டி, பதிவெண் தேவையில்லாத 250 வாட் மின் ஸ்கூட்டர். அதில் 12 வோல்ட், 24 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் நான்கு இருக்கின்றன. புதிதில் ஒரு சார்ஜுக்கு 45 கிலோமீட்டர் ஓடிய வண்டி, இரண்டு ஆண்டுகளில் இளைத்துப்போய், இப்போது திரும்பி வரும்போது ரெட்டிச்சாவடியிலேயே படுத்துவிடுகிறது. கடைக்காரர் ஒருவர், "60 வோல்ட் லித்தியம் போட்டால் 40 வேகம் போகும், தூரமும் கூடும், 48 வோல்ட்டிலேயே போடுவதென்றால் பழைய சார்ஜரே போதும்" என்று சொல்லியிருக்கிறார். எதைப் போடுவது, எத்தனை ஆம்பியர்-மணி வாங்குவது என்று கேட்கிறீர்கள். ஒரே செலவில் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்து வாங்கிவிட முடியுமா என்பதுதான் இந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முடியாது. வோல்ட்டை ஏற்றாதீர்கள். 48 வோல்ட் வகையிலேயே, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களால் கட்டிய, 30 ஆம்பியர்-மணிக்குக் குறையாத பேட்டரியை, அதற்கே உரிய புதிய சார்ஜரோடு வாங்குங்கள். காரணங்களைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் மின்பொறியியல் படித்தவன். முதலில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் பேட்டரிகளிலும், பிறகு புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் மின் ஸ்கூட்டர்களைப் பழுது பார்ப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன். உங்கள் வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செலவு செய்வதற்கு முன்னால், குற்றம் பேட்டரியுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின் சக்கரத்தை மையத் தாங்கியில் தூக்கிவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். டிரம் பிரேக் உரசிக்கொண்டே சுற்றினால் எந்தப் பேட்டரி போட்டாலும் தூரம் வராது. டயரில் காற்று குறைந்திருந்தாலும் அப்படித்தான். இவை சரியாக இருந்தால், வண்டி திணறத் தொடங்கிய உடனே ஓரமாக நிறுத்தி, ஒரு மல்டிமீட்டரால் நான்கு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். மூன்று 12-க்கு மேல் காட்ட, ஒன்று மட்டும் 11-க்குக் கீழே போயிருந்தால், உங்கள் வண்டியை நிறுத்துவது அந்த ஒன்றுதான். தொடராக இணைத்த நான்கில் மிக மெலிந்தது எதுவோ அதன் அளவுக்குத்தான் மற்ற மூன்றும் உழைக்க முடியும். அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றலாமே என்று தோன்றும். இரண்டு ஆண்டு ஓடிய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால், சார்ஜ் ஏறும்போது பழையவை முன்னதாகவே நிரம்பிச் சூடாகும். புதியது நிரம்பாமலே நிற்கும். சில மாதங்களில் நான்குமே கெட்டுவிடும். ஆகவே, மாற்றுவதென்றால் நான்கையும் மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் லித்தியத்துக்குப் போவது நியாயமான முடிவுதான். அதில் உங்கள் கடைக்காரரோடு எனக்கு முரண்பாடு இல்லை.

இனி வோல்ட் கணக்கு. ஒரு பேட்டரி எவ்வளவு தூரம் ஓட்டும் என்பதை வோல்ட் மட்டுமோ ஆம்பியர்-மணி மட்டுமோ தீர்மானிப்பதில்லை. இரண்டையும் பெருக்கி வரும் வாட்-மணிதான் தீர்மானிக்கிறது. இந்தப் பக்கத்தில் பேட்டரி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கையாளுவது 32700 என்ற அளவுள்ள உருளை வடிவ இரும்பு பாஸ்பேட் செல். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. இவற்றில் 80 செல்களை எடுத்துக்கொள்வோம். 16 வரிசைகளைத் தொடராகவும், வரிசைக்கு ஐந்து செல்லை இணையாகவும் கட்டினால் 51.2 வோல்ட், 30 ஆம்பியர்-மணி கிடைக்கும். இதைத்தான் கடையில் 48 வோல்ட் பேட்டரி என்கிறார்கள். அதே 80 செல்களை 20 வரிசையாகவும் வரிசைக்கு நான்காகவும் கட்டினால் 64 வோல்ட், 24 ஆம்பியர்-மணி. இது 60 வோல்ட் பேட்டரி. பெருக்கிப் பாருங்கள்: இரண்டும் 1,536 வாட்-மணி. செல் அதே, எடை அதே, செல்லுக்கான விலையும் அதே. 60 வோல்ட் என்பதால் உள்ளே ஒரு துளி ஆற்றல்கூடக் கூடுதலாக இல்லை. கடைக்காரர் 60 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்-மணி தருகிறார் என்பதைக் கேட்காமல் "தூரம் கூடும்" என்ற பேச்சை நம்பக்கூடாது.

உள்ளே இருக்கும் ஆற்றல் சமமாக இருக்க, ஓடும்போது ஆகும் ஆற்றல் செலவு சமமாக இருப்பதில்லை. நம் சாலை சமதளம். பெண்ணையாற்றுப் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே வண்டியின் ஆற்றல் முக்கியமாக இரண்டு வழிகளில் போகிறது: டயர் தரையில் உருளும் தடை, முகத்தில் அடிக்கும் காற்றின் தடை. முதலாவது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. இரண்டாவது வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 25-லிருந்து 40-க்குப் போனால் காற்றின் தடை 2.56 மடங்கு. இந்த வகை ஸ்கூட்டர்களில் மீட்டர் மாட்டிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: தனியாள் 25 வேகத்தில் போனால், நின்று புறப்படுவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 20-லிருந்து 25 வாட்-மணி செலவாகும்; 40 வேகத்தில் அது 30-ஐத் தாண்டும். 1,536-ல் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடியது 1,350 என்று வைத்தால், முதல் கணக்கில் 60 கிலோமீட்டர் அளவுக்கும், இரண்டாவது கணக்கில் 42 அளவுக்கும் வரும். உங்கள் பழைய பேட்டரி புதிதாக இருந்தபோது கொடுத்ததே 45 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த எண்கள் ஆளின் எடை, டயர், சாலையின் நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்து முன்பின்னாக மாறும். எது அதிகம் ஓடும் என்பது மட்டும் மாறாது.

காற்றைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். நீங்கள் தெற்கு நோக்கித் திரும்பும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று காலையில் எதிரே நிற்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேரெதிரே வீசினால், 25-ல் போகும் நீங்கள், காற்றின் கணக்குப்படி, 40-ல் போகிறவர்தான். கன்னியக்கோயில் தாண்டித் திறந்த வெளி வந்ததும் வண்டி இழுக்கவில்லை என்று பலர் பேட்டரியைக் குறை சொல்வார்கள். பேட்டரியின் தவறாக அது இருக்க வேண்டியதில்லை. ஆகவே தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு இருப்பு வைத்தே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் 30 கிலோமீட்டருக்கு 24 ஆம்பியர்-மணியே கணக்குப்படி போதும். நான் 30 சொல்வது எதிர்க்காற்றுக்கும், பின்னால் ஆள் ஏற்றும் நாளுக்கும், நான்கைந்து ஆண்டுகளில் பேட்டரி இயல்பாகவே இழக்கப்போகும் கொள்ளளவுக்கும் சேர்த்துத்தான்.

40 வேகம் என்ற வாக்குறுதிக்குள் இன்னொரு செய்தி மறைந்திருக்கிறது. இந்த வகை மோட்டாரின் சுழற்சி வேகம் வோல்ட்டுக்கு ஏற்ப ஏறும். 48-லிருந்து 64 என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடும். 25 வேகம் 33 ஆகும். 40 எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரில், வேகத்தை அடக்கிவைக்கும் ஒரு கம்பி இணைப்பு பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். அதையும் கழற்றிவிடப் போகிறார் என்று பொருள். அந்தக் கம்பியைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை. அதன் விளைவுகள் அவ்வளவு சிறியவை அல்ல.

48 வோல்ட் கன்ட்ரோலர் ஒன்றைத் திறந்தால், பேட்டரிக் கம்பிகள் நுழையும் இடத்தில் நீல நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் தெரியும். அவற்றின் பக்கவாட்டில் தாங்கும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 63 வோல்ட். 20 வரிசை இரும்பு பாஸ்பேட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகும்போது 73 வோல்ட். சார்ஜரைக் கழற்றிய உடனே வண்டியை எடுத்தால், 63 தாங்கும் பொருளின் மேல் 70-ஐ ஒட்டிய அழுத்தம் ஏறுகிறது. முதல் நாளே வெடிக்க வேண்டும் என்பதில்லை. உச்சி உப்பி, உள்ளே கசிந்து, ஒரு நாள், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்களையும் கூட்டிக்கொண்டு போகும். 60 வோல்ட்டுக்கென்றே செய்த கன்ட்ரோலரும், விளக்குகளுக்கு 12 வோல்ட் தரும் மாற்றியும் சேர்த்துப் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். உங்கள் கன்ட்ரோலரில் 63 தானா, 80 தானா என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் பொருந்தும் கன்ட்ரோலர்களும் சந்தையில் உண்டு. ஆனால் மோட்டாரும் பிரேக்கும் பழையவையே. சக்கரத்துக்குள் மூடிக்கிடக்கும் மோட்டாருக்குச் சூட்டை வெளியேற்ற வழி குறைவு. வேகம் ஏற ஏற இரும்பு அடுக்குகளில் சூடு கூடும், சுழலும் காந்தங்களின் நிலையை உணரும் ஹால் சென்சார்கள் அந்தச் சூட்டில்தான் முதலில் போகும். 40-ல் போகும் வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும், 25-ல் போவதைப்போல் அதே 2.56 மடங்கு. அந்த டிரம் பிரேக்கை 25 வேகத்துக்குத்தான் செய்தார்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற மின் வண்டியை, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அதனால்தான் பதிவு, உரிமம் இரண்டும் வேண்டியதில்லை. வேகத்தை 40 ஆக்கிய நொடியில் அந்தச் சலுகை போய்விடுகிறது. பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம் ஒன்றை ஓட்டுகிறவர் ஆகிவிடுகிறீர்கள். எல்லையிலுள்ள முள்ளோடையில் நிறுத்திக் கேட்பார்களா மாட்டார்களா என்பதல்ல இதில் பெரிது. ஒருவர் மேல் மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் கைப்பணத்திலிருந்து போகும். பதிவுள்ள வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வரி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. அத்தகைய வண்டிகளின் பேட்டரிக்கு ஏஐஎஸ்-156 என்ற தரநிலையின் கடுமையாக்கப்பட்ட விதிகள் 2022 டிசம்பர் 1-லும், 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. தீ விபத்துகள் தொடர்ந்து நடந்த பிறகு வந்த விதிகள் அவை. உங்கள் வண்டியை அவை நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அந்தத் தரநிலையில் தேறிய பேட்டரி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வேகம் வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் ஒதுக்கிவிடவில்லை. உங்களுக்குக் குறைவாக இருப்பது உச்ச வேகமா, இழுவையா என்பதை யோசித்துப் பாருங்கள். 250 வாட் என்பது மோட்டார் தொடர்ந்து தாங்கும் அளவு. புறப்படும்போது கன்ட்ரோலர் 17 ஆம்பியர் வரை விடும். 48 வோல்ட்டில் அது 800 வாட்டைத் தாண்டும். மெலிந்துபோன ஈய-அமில பேட்டரி அந்த 17 ஆம்பியரைக் கொடுக்கும்போது 3, 4 வோல்ட் சரிந்துவிடும். பாதி சார்ஜ் இறங்கிய பிறகு இன்னும் அதிகம். வண்டி மந்தமாவதும், கன்ட்ரோலர் 42 வோல்ட்டில் இணைப்பைத் துண்டிப்பதும் இதனால்தான். நல்ல இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே சுமையில் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் சரியும். சார்ஜ் பெரும்பகுதி இறங்கும்வரை 52 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கன்ட்ரோலரைத் தொடாமல், வெறும் பேட்டரியை மட்டும் மாற்றியவர்கள் "புது வண்டி மாதிரி பிக்கப் வந்துவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வண்டிக்கு இருக்க வேண்டிய வேகம் கடைசி கிலோமீட்டர் வரை குறையாமல் வருவதைத்தான் அவர்கள் அப்படி உணர்கிறார்கள். நான்கு ஈய பேட்டரிகள் ஏறக்குறைய 28 கிலோ. மாற்றாக வருவது பெட்டியோடு சேர்த்து 15 கிலோவுக்குள் அடங்கும். சமதளச் சாலையில் எடை குறைவதால் கூடும் தூரம் சொற்பம், வண்டியைத் தள்ளி நிறுத்தும்போது தெரியும் வித்தியாசம் நிறைய.

லித்தியத்தில் இரண்டு வகை உங்கள் முன் வரும்: இரும்பு பாஸ்பேட், மற்றது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி. என்எம்சி அதே எடையில் கூடுதல் ஆற்றல் தரும். விலை உயர்ந்த வண்டிகளில் அதை நல்ல குளிரூட்டும் அமைப்போடும் கண்காணிப்போடும் வைத்திருக்கிறார்கள். தெருக்கடையில் கட்டிய பெட்டியில் அது வேண்டாம். இரும்பு பாஸ்பேட் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். தறிகெட்டுச் சூடேறத் தொடங்குவதற்குத் தேவையான வெப்பநிலையும் அதில் அதிகம். தீயே பிடிக்காது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்; சேதமானால் எரியக்கூடிய வாயுவை அதுவும் வெளியிடும். ஆயுளைப் பொறுத்தவரை, நாள்தோறும் ஆழமாக இறங்கி ஏறும் ஈய பேட்டரி 300 சுழற்சியை ஒட்டித் தளர்ந்துவிட, இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 1,500, 2,000 என்று செல் தயாரிப்பாளர் எழுதித் தருகிறார். செல்லுக்கு அது உண்மை. பெட்டிக்கு எப்போதும் உண்மையல்ல. என் மேசைக்கு வந்த செத்த பேட்டரிகளில் எல்லாச் செல்லும் போனவை அரிது. ஒரு வரிசை மட்டும் மெலிந்திருக்கும், அல்லது நிக்கல் பட்டையின் வெல்டிங் விட்டிருக்கும், அல்லது செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை எரிந்திருக்கும். பேட்டரியின் ஆயுள் கட்டியவரின் கையில் இருக்கிறது என்பதே என் தீர்ப்பு.

சார்ஜர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது. உங்கள் பழைய சார்ஜர் 59 வோல்ட்டை ஒட்டி நிறுத்தும். 16 வரிசை இரும்பு பாஸ்பேட்டுக்கு வேண்டியது 58.4. வித்தியாசம் சிறிது; செல்லுக்கு 3.65-க்குப் பதில் 3.69 வரும். ஆனால் 48 வோல்ட் என்ற பெயரில் 15 வரிசைப் பேட்டரியும் விற்கிறார்கள், அதற்கு 54.75-க்கு மேல் போகக்கூடாது. 13 வரிசை என்எம்சிக்கு 54.6. அந்த 13 வரிசையில் 59 வோல்ட் ஏற்றினால் செல்லுக்கு 4.5 வோல்ட்டுக்கு மேல் விழும், 4.2-க்கு மேல் அந்த வகைச் செல்லை ஏற்றவே கூடாது. இடையில் நின்று தடுப்பது பிஎம்எஸ் ஒன்றுதான். அது ஆபத்துக் காலத்துக்கான காவல். தினமும் இரவு அதன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. தவிரவும், ஈய-அமில சார்ஜர்கள் சிலவற்றில் பேட்டரியைத் தட்டி எழுப்பும் உயர் அழுத்தத் துடிப்பும், நிரம்பிய பிறகும் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே இருக்கும் முறையும் உண்டு; லித்தியத்துக்கு இரண்டும் ஆகாது. வரிசை எத்தனை என்று கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள், அந்த வரிசைக்கான சார்ஜரையே வாங்குங்கள். 16 வரிசை என்றால் உங்கள் கன்ட்ரோலரின் 42 வோல்ட் துண்டிப்புக்கும் அது பொருந்தும், செல்லுக்கு 2.6 வோல்ட் ஆகும்போது வண்டி நின்றுவிடும், செல் சேதமடையும் எல்லைக்குச் சற்று முன்பாகவே.

பெட்டியைத் திறந்து காட்ட மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னாலும், வெளியிலிருந்தே சோதிக்க வழி இருக்கிறது. 32700 செல் ஒன்று ஏறக்குறைய 140 கிராம். 80 செல் 11 கிலோவுக்கு மேல். இரும்புப் பெட்டி, பிஎம்எஸ், கம்பி சேர்த்தால் 13-லிருந்து 15 கிலோ வர வேண்டும். இரும்பு பாஸ்பேட், 30 ஆம்பியர்-மணி என்று சொல்லிவிட்டு 8 கிலோவில் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தால், சொன்னதில் ஏதோ ஒன்று பொய். தராசு எந்த மளிகைக் கடையிலும் இருக்கிறது. அடுத்து, 10 ஆம்பியர் சுமையில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். 30 ஆம்பியர்-மணி உண்மையென்றால் மூன்று மணி நேரத்தை ஒட்டி நிற்க வேண்டும். நேர்மையாகக் கட்டுகிறவரிடம் இதற்கான கருவி இருக்கும். அவர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். பிஎம்எஸ் தொடர்ந்து 30 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். கன்ட்ரோலர் இழுக்கும் 17-க்கு 20 ஆம்பியர் பலகை போதும் என்பார்கள், மே மாத வெயிலில் இருக்கைக்கு அடியில் அது போதாது. பில் இல்லாமல் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். மின் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தனியாக விற்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீதம் என்பதால் அந்தத் தூண்டில் கவர்ச்சியானதுதான். உத்தரவாதம் என்று பேசுவதற்கு உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பில் மட்டுமே.

நம் ஊர்களுக்கென்று இரண்டு தொல்லைகள். ஒன்று உப்புக்காற்று. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே உள்ள இணைப்பியில் களிம்பு ஏறினால், அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் உருகி, கம்பி பழுப்பாகும். மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஓட்டி முடித்த உடனே தொட்டால் சுடுகிற இணைப்பியை மாற்றிவிடுங்கள். இரண்டாவது வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருக்களிலும், அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தால் கடலூர்ப் பக்கத்திலும் எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்பது உங்களுக்கே தெரியும். வண்டி ஓடுகிறதே என்று அப்படியே விட்டவர்கள் சில வாரம் கழித்துக் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்தால், ஒவ்வொரு வரிசையின் அழுத்தத்தையும் பிஎம்எஸ்ஸுக்குச் சொல்லும் மெல்லிய கம்பிகளின் சொருகியில் பச்சையும் வெள்ளையுமாகத் தூள் பூத்து, ஊசிகள் பாதி கரைந்திருக்கும். அந்தக் கம்பி அறுந்தால் பிஎம்எஸ்ஸுக்கு அந்த வரிசை கண்ணில் படாது. ஆகவே ஐபி 67 என்ற நீர்த்தடுப்பு அளவு சோதிக்கப்பட்ட பெட்டியைக் கேளுங்கள். நீர் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் சார்ஜ் போடாமல், வீட்டுக்கு வெளியே, தனியே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெயிலில் நின்ற வண்டியை வந்ததும் சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். வாசற்கதவை ஒட்டியோ மாடிப்படிக்குக் கீழேயோ சார்ஜ் போடாதீர்கள். தீ என்று வந்தால் வெளியேற வேண்டிய வழி அதுதான்.

மாற்றிய பிறகு ஓட்டும் பழக்கத்திலும் ஒன்று மாற வேண்டும். உங்கள் டாஷ்போர்டில் உள்ள பேட்டரிக் காட்டி வோல்ட்டை வைத்துக் கணக்கிடுவது. இரும்பு பாஸ்பேட்டின் வோல்ட் கடைசிவரை அதிகம் மாறாததால், அது முழுதாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்து, திடீரென்று கீழே விழும். ஈய பேட்டரி முனகி முனகி வீடு சேர்க்கும். இது முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். பெண்ணையாற்றுப் பாலத்தின் நடுவில், பின்னால் பேருந்து வர, அப்படி நிற்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். ஷன்ட் என்ற மின்னோட்டம் அளக்கும் தடையை வைத்து ஆம்பியர்-மணியை எண்ணிக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். பழைய நான்கு ஈய பேட்டரிகளையும் லித்தியத்தோடு இணையாக இணைத்தால் தூரம் கூடும் என்று யாராவது சொன்னால், அந்த யோசனையைக் காதில் வாங்காதீர்கள். இரண்டின் வோல்ட் போக்கும் வேறு, ஒன்று மற்றதற்குள் கட்டுப்பாடின்றி மின்னோட்டத்தைத் தள்ளும்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவையும் ஊகமும் கலந்துவிடாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றல் கணக்கு, காற்றுத் தடை, செல்களின் வோல்ட் எல்லை, சட்டத்தின் வரம்பு இவை உறுதி. கிலோமீட்டருக்கு இத்தனை வாட்-மணி என்பது என் அளவீடுகளின் பழக்கத்தில் சொல்வது. உங்கள் வண்டியில் 18 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். மோட்டார் கூடுதல் வோல்ட்டில் எத்தனை மாதம் தாங்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாங்கிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். 80 செல் பெட்டி உங்கள் இருக்கைக்கு அடியில் நுழையுமா என்பதையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான்கு ஈய பேட்டரிகள் இருந்த இடம் பொதுவாகப் போதும், ஆனால் அவை கால் வைக்கும் பலகைக்குக் கீழே பிரிந்து உட்கார்ந்திருக்கும் மாதிரியாக இருந்தால் பெட்டியின் வடிவத்தை மாற்றிக் கட்டச் சொல்ல வேண்டியிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு 40 வேகம்தான் வேண்டும் என்றால், அந்தச் சாலையில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே 25-ல் ஊர்வது உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்றால், அது நியாயமான பயம். அதற்கு வழி இந்த வண்டியை விற்றுவிட்டுப் பதிவுள்ள மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்குவது. இதற்குள் 60 வோல்ட்டைத் திணிப்பதல்ல.

எந்த வழியில் போனாலும், கழற்றிய நான்கு பேட்டரிகளையும் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. ஈயத்துக்கு நல்ல விலையும் உண்டு. 28 கிலோவையும் எடை போட்டு, பழைய பேட்டரிக்கான கழிவுத் தொகையைப் புதிய பேட்டரியின் பில்லில் தனி வரியாகக் காட்டச் சொல்லிக் கழித்துக்கொள்ளுங்கள்.